சினை எலிகளின் கணக்கு: விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசிய நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் இடத்தில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். நான் ஆய்வாளர் இல்லை. ஒரு விலங்குக் கூடத்தில் இருபத்தேழு வருடம் ஆய்வகத் துணையாளராக வேலை பார்த்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்று, பிறந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்தவள். உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் ‘பெண் எலி, 48’ என்று ஒரு வரி இருக்குமே, அந்த வரிக்குப் பிறகு நடக்கும் வேலையெல்லாம் என்னைப் போன்றவர்கள் கையால் நடப்பது.

நான் அதிகம் கையாண்டவை சினை எலிகள். கருவில் மட்டும் நிறைய சுரக்கும் ஒரு புரதத்தை அளப்பதற்காக அவற்றை வளர்த்தோம், இரத்தம் எடுத்தோம், கொன்றோம். அதை நிறுத்துங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதி எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதற்கு முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

1971. எனக்கு ஒன்பது வயது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது பிரசவம், லயத்து வீட்டிலேயே நடந்தது. தங்கை பிறந்தாள். அவள் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தோல் மூடாமல் சிவப்பாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கால்கள் அசையவே இல்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வந்து பார்த்தார், துணியால் மூடினார், ஒன்றும் சொல்லாமல் போனார். நான்காம் நாள் விடியற்காலையில் தங்கை போய்விட்டாள். பேர் வைக்கவில்லை. கிரகணத்தன்று வாசலுக்கு வந்திருப்பாள் என்று பாட்டி சொன்னார். யாரோ செய்துவிட்டார்கள் என்றார் அப்பா. அம்மா மட்டும், வயிற்றில் தங்கியது தெரியாமல் மருந்து அடிக்கிற கூட்டத்தோடு நின்றுவிட்டேன், அதனால்தான் என்று கண் மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஒருவரும் இல்லாததால் அந்தக் குற்றத்தை அவரே தலையில் போட்டுக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், 1996-ல், எங்கள் கூடத்தில் ஒரு விரிவுரையாளர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். நான் கூண்டுகளைக் கழுவிக்கொண்டே காது கொடுத்தேன். ஆல்ஃபா ஃபீட்டோபுரதம், சுருக்கமாக ஏ.எஃப்.பி. கருவின் மஞ்சள்கருப் பையும் பிறகு அதன் ஈரலும் சுரப்பது. பெரியவர்கள் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் செய்யும் வேலையில் பெரும்பங்கை கருவில் இது செய்கிறது. கருவிலிருந்து கொஞ்சம் பனிக்குடநீருக்கு வரும், அங்கிருந்தும் நஞ்சுக்கொடி வழியாகவும் இன்னும் கொஞ்சம் தாயின் இரத்தத்துக்கு வரும். கருவின் முதுகோ தலையோ மூடாமல் திறந்திருந்தால் அந்தத் திறப்பின் வழியாகப் புரதம் அதிகமாகக் கசிந்து பனிக்குடநீரில் ஏறிவிடும். 1972-ல் எடின்பரோவில் புரொக், சட்கிளிஃப் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள் என்றார் விரிவுரையாளர்.

1972. தங்கை பிறந்து ஒரு வருடம். கையில் இருந்த கூண்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அன்றைக்குத்தான் எனக்கு அவள் முதுகில் இருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது: ஸ்பைனா பிஃபிடா, முதுகெலும்பு மூடாத குறை.

பிறகு அந்தப் புரதத்தைப் பற்றி எங்கே பேச்சு நடந்தாலும் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். 1956-ல் சுவீடனில் மனிதக் கருவின் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில், இது ஒரு தனிப் பட்டையாக முதலில் தெரிந்தது. 1963-ல் மாஸ்கோவில் கேரி அபெலெவ் குழுவினர், ஈரல் புற்றுக்கட்டி வளர்ந்த சுண்டெலியின் இரத்தத்தில் இதே கருப் புரதம் மறுபடி வந்து நிற்பதைப் பார்த்தார்கள். அடுத்த வருடமே டாட்டாரினோவ் அதை ஈரல் புற்று வந்த மனிதரின் இரத்தத்தில் கண்டார். இன்றைக்கு மஞ்சள் காமாலைக் கிருமி உடலில் தங்கிப்போனவர்களுக்கு ஈப்போ மருத்துவமனையில் ஏ.எஃப்.பி. பார்க்கிறார்கள் என்றால் அதன் வேர் ஒரு சுண்டெலிக் கூண்டில் இருக்கிறது. அந்தக் கடனை நான் மறுக்க மாட்டேன். மறுப்பவர்களோடு வாதாடியும் இருக்கிறேன், எங்கள் கோயில் மண்டபத்திலேயே.

முதுகு மூடாமல் பிறப்பதைத் தடுக்கும் வழி மட்டும் வேறு பக்கத்திலிருந்து வந்தது. முன்பு அப்படி ஒரு பிள்ளையைச் சுமந்த பெண்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், மறுபடி அப்படி நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று 1991-ல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. அது பெண்களிடமே நடந்த ஆய்வு. எந்தக் கேள்வியை எலியிடம் கேட்க வேண்டும், எதைப் பெண்களிடமே கேட்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலையில் பாதி என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கூடத்துக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆண் எலியையும் பெண் எலியையும் ஒரே கூண்டில் விடுவோம். காலையில், பசியாறுவதற்கு முன்பே, பெண் எலியிடமிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் விந்தணு தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அன்றிலிருந்து நாள் எண்ண வேண்டும். எலிக்குச் சினைக்காலம் 21 அல்லது 22 நாள்தான். அதற்குள் ஒவ்வொரு நாளும் புரதத்தின் அளவு மாறிக்கொண்டே போகும். ஒரு நாள் தள்ளினால் எண்ணே வேறு.

இங்கேதான் நான் நேரில் பார்த்த முதல் வீண். பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டு மாணவர்கள். ஒரே வகை எலி, ஒரே தீனி, ஒரே மரத்தூள், பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. இரண்டு பேருமே ‘18-ஆம் நாள்’ எலிகளைக் கொன்று இரத்தம் எடுத்தார்கள். ஒருவர் விந்தணு பார்த்த காலையைப் பூஜ்யம் என்று எண்ணினார், மற்றவர் அதையே ஒன்று என்று எண்ணினார். உலகத்தில் இரண்டு வழக்கமும் இருக்கிறது, அது அவர்கள் தவறு இல்லை. ஆனால் ஆய்வேட்டில் எங்கேயும் யார் எப்படி எண்ணினார் என்று எழுதவில்லை. மூன்றாவதாக வந்த மாணவி இரண்டு பேர் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று தானாகவே இன்னொரு கன்ட்ரோல் குழு வைத்தாள். கன்ட்ரோல் என்றால் எந்த மருந்தும் கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டுமே வளர்த்துக் கொல்லப்படும் எலிகள். எட்டுத் தாய் எலிகள். ஒரு வரி எழுதியிருந்தால் அந்த எட்டில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

எந்த ஆய்வுக்கும் அதே நேரத்தில் அதே அறையில் வளர்ந்த கன்ட்ரோல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பழைய எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஆனால் பழைய எண் கையில் இருந்தால் எத்தனை எலி போதும் என்று முன்கூட்டியே கணிக்கலாம், முன்னோட்டம் என்ற பெயரில் ஒரு குழுவையே செலவழிக்க வேண்டாம். என் கையால் ஆறு வருடத்தில் ஏழு முறை, மருந்தே கொடுக்காத சினை எலிகளில் இதே புரதத்தை இதே நாட்களில் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஏழும் ஒன்றோடொன்று ஒரு தாளில்கூடச் சந்தித்ததில்லை.

இரண்டாவது வீண் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு நோன்புப் பெருநாள் வாரம். கூடத்தில் ஆள் குறைவு. மைனஸ் 80 ஃப்ரீசர் நின்றுபோயிருக்கிறது, எச்சரிக்கை மணி அடித்தும் கேட்க ஆள் இல்லை. விடுமுறை முடிந்து திறந்தபோது 36 தாய் எலிகளின் சீரமும் பனிக்குடநீரும் குழாய்களில் தண்ணீராக நின்றன. நம்ப முடியாது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். அடுத்த மாதமே 36 எலிகளுக்குப் புது விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் ‘மாதிரி இழப்பு’ என்று இரண்டு சொல். அனுமதி வந்துவிட்டது. ஃப்ரீசரைப் பற்றி அந்தக் குழு ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால் நான் இன்றைக்கு அந்த நிகழ்ச்சியை இத்தனை வலியோடு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த 36 எலிகளையும் தினமும் காலையில் தூக்கியவள் நான். சினை முற்றிய எலி கையில் கனமாக, சூடாக இருக்கும். பழகிய கை என்றால் கடிக்காது.

மனிதப் புரதத்தை அளப்பதற்கென்று செய்த சோதனைப் பொருள் தொகுப்பை, நாங்கள் கிட் என்போம், எலிச் சீரத்தில் போட்டு ஒரு முழுத் தட்டு, 96 குழியும் வீணானதையும் பார்த்திருக்கிறேன். அதை விரித்து எழுதவில்லை. விண்ணப்பத்திலேயே எந்த கிட் என்று கேட்டால் முடிந்தது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எலியின் ஏ.எஃப்.பி.யும் பெண்ணின் ஏ.எஃப்.பி.யும் பெயரில் ஒன்று. வேலையில் முழுக்க ஒன்று இல்லை. எலியிலும் சுண்டெலியிலும் இந்தப் புரதம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை இறுகப் பிடித்துக்கொள்ளும். தாயின் ஈஸ்ட்ரோஜன் பெண் குட்டியின் மூளைக்குள் போய் அதை ஆணின் வழிக்குத் திருப்பிவிடாமல் தடுப்பது அதுதான். பெல்ஜியத்தில் இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். 2002-ல் அதைப் பற்றி எழுதினார்கள். குட்டிகள் நன்றாகவே பிறந்தன, வளர்ந்தன. ஆனால் பெண் குட்டிகளுக்குச் சினை பிடிக்கவில்லை. மூளை ஆணைப் போல அமைந்துவிட்டதே காரணம் என்று 2006-ல் உறுதியாயிற்று. மனித ஏ.எஃப்.பி.யோ ஈஸ்ட்ரோஜனை அப்படிப் பிடிப்பதில்லை.

என் கடைசி வருடங்களில் ஒரு ஆய்வு நடந்தது. பெண்கள் குடிக்கும் ஒரு மூலிகைச் சாறு, ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யக்கூடியது. அதைச் சினை எலிகளுக்குக் கொடுத்து, ஏ.எஃப்.பி. அளவைப் பார்த்து, கர்ப்பிணிப் பெண்ணின் பிள்ளைக்கு மூளையில் கேடு வருமா என்று சொல்லப்போவதாக எழுதியிருந்தார்கள். எலியில் அந்தப் புரதம் காவல்காரன். பெண்ணின் உடம்பில் அந்தக் காவல் வேலையே அதற்கு இல்லை. அப்படியானால் எலியின் எண் எங்கள் பெண்களுக்கு என்ன சொல்லும்? துணையாளராகிய எனக்கு எழுந்த கேள்வி, குழுவில் எழவில்லையா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த ஆய்வு முடிந்தது. வித்தியாசம் ஒன்றும் வரவில்லை என்றார்கள். வித்தியாசம் வராததால் எங்கேயும் வெளியிடவும் இல்லை. இன்னொரு ஊரில் இன்னொருவர் அதையே நாளைக்குத் தொடங்கலாம்.

குட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் படிவத்தில் தாய் மட்டும் எண்ணப்படுகிறது. ஒரு தாய்க்குப் பத்துக் கரு என்று வைத்தாலும் 48 தாய்க்குள் 480 இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ச்சியின் கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் இருக்கும் பாலூட்டிக் கருவையும் காக்க வேண்டிய விலங்காகவே எண்ணுகிறது. எலிக்கு அது ஏறக்குறைய 15-ஆம் நாளிலிருந்து. நாங்கள் புரதத்துக்காக இரத்தம் எடுத்ததெல்லாம் அதற்குப் பிந்திய நாட்களில்தான். நம் நாட்டிலும் 2015-ல் விலங்கு நலச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் கேட்கும்வரை காத்திருக்காமல் உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க யார் தடுப்பார்கள்?

எங்கள் ஊர் மக்களுக்கு இதில் என்ன என்று நினைக்கலாம். நிறைய இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் போய்த் தாமான் என்ற குடியிருப்பு வந்துவிட்டது, ஆனால் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்து அடிக்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் நம் நாடு முழுதாகத் தடை செய்தது. அதன் இடத்தில் வேறு மருந்துகள் வந்தன. அப்படிப்பட்ட மருந்து கருவைக் கெடுக்குமா என்று பார்க்க உலகம் ஒப்புக்கொண்ட முறையே சினை எலியும் சினை முயலும்தான். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த அந்தச் சோதனையில் ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 20 தாய், மூன்று அளவு மருந்து, ஒரு கன்ட்ரோல். ஆக 80 தாய். அந்த எண்களை நம்பித்தான் எங்கள் பெண்கள் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார்கள். ஆகவே சினை எலியிடமிருந்து வரும் எண் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் இந்த நாட்டில் எங்களைவிட உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் என் அண்ணன் மகள் கர்ப்பமாக இருந்தாள். ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். ஏ.எஃப்.பி. உயர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் பதிவுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். எனக்குத் தங்கையின் முதுகு கண் முன்னால் வந்தது, ஆனாலும் வாய் திறந்து கேட்டது வேறு: எத்தனையாவது வாரம் என்று எப்படிக் கணக்குப் போட்டார்கள்? ஸ்கேன் பார்த்தாயா? பெண்ணின் கர்ப்பத்திலும் வாரக் கணக்கு தப்பினால் எண் உயரும், வயிற்றில் இரண்டு இருந்தாலும் உயரும். மறுநாள் ஸ்கேன் எடுத்தாள். இரட்டைப் பிள்ளைகள். இரண்டு முதுகும் மூடியிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவை, நான் எண்ணிய எலிகளின் நாட்கள்.

இப்போது உங்களிடம் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். சினை விலங்கு வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வந்தால், இதே கேள்விக்கு நாட்டில் வேறு எங்காவது எலிகள் ஏற்கெனவே செத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பார்ப்பதற்கு ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். ஜெர்மனியில் 2019 முதல் அப்படி ஒன்று நடக்கிறது, ஆய்வு தொடங்கும் முன்பே பதியலாம். நம் குழுக்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு சின்னப் பதிவேடு பெரிய காரியம் இல்லை. எந்த வகை எலி, நாளை எதிலிருந்து எண்ணினார்கள், எத்தனை தாய், எத்தனை கரு, எந்த கிட், கன்ட்ரோல் குழுவின் எண்கள், வித்தியாசம் வராவிட்டாலும் முடிவு. இவ்வளவையும் கொடுக்காதவருக்கு அடுத்த அனுமதி கொடுக்காதீர்கள். மாதிரி கெட்டுப்போனதால் மறுபடி எலி வேண்டும் என்று வந்தால், எப்படிக் கெட்டது, இனி கெடாமலிருக்க என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எலியின் புரதம் செய்யும் வேலையைத்தான் மனிதப் புரதமும் செய்கிறதா என்பதற்கு ஒரு பக்கமாவது விளக்கம் கேளுங்கள். குழுவில் வெளியாள் ஒருவருக்கு இடம் இருந்தால், ஒரு முறையாவது தோட்டப்புறத்திலிருந்து ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். கேள்வி கேட்க அவளுக்குப் பட்டம் வேண்டியதில்லை.

என்னிடம் மூன்று நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கூடத்துப் பதிவேட்டில் எழுதுவது போக, எனக்காக நான் தமிழில் எழுதி வைத்தவை. ஒவ்வொரு தாய் எலிக்கும் எந்தக் காலையிலிருந்து எண்ணினேன், எந்த நாளில் இரத்தம் எடுத்தேன், வயிற்றில் எத்தனை குட்டி என்று இருக்கிறது. யாருடைய ஆய்வு என்று எழுதவில்லை, எலி எண் மட்டும்தான். பதிவேடு தொடங்கும் குழு எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். நோட்டுகளை நானே எடுத்து வருகிறேன், என் கையெழுத்தைப் படித்துக் காட்டவும் கூட இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் துணையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.